கல்யாணத்துக்குப் பாதி ஜிப்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் நல்ல கறுப்பு, இடுப்பில் பெல்ட் வேறு. இளையவள் நான். நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய லெதர் ஜாக்கெட்டைத்தான் சொல்கிறேன். வேறு எதையாவது நினைத்து அந்த மனுஷனைச் சந்தேகப்பட வேண்டாம், அவருக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

ரயில் நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. அறுந்த செருப்பு, வாய் பிளந்த ஷூ, கழன்ற ஹீல், சிக்கிக்கொண்ட ஜிப், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி, எல்லாம் அங்கே நடக்கும். படி சரிவாக இறங்குவதால் கடையின் ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கத்தில் உட்காரத்தான் முடியும். தலைக்கு மேலே நாள் முழுக்க ஜனங்கள் தடதடவென்று ஏறி இறங்குவார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே, "இடது ஹீல் போச்சு, சாயங்காலம் வருவாங்க பாரு" என்பார். பாதிக்குப் பாதி பலிக்கும். பலிக்காத பாதியைப் பற்றிப் பேச மாட்டார்.

ஜாக்கெட் அந்தக் கடைக்கு வந்தது ஜிப் மாற்றத்தான். மோட்டார் பைக்கில் வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார், போனவர் போனவர்தான். இவர் புது ஜிப் தைத்து, "ஐயா, உங்கள் ஜாக்கெட் தயார்" என்று அட்டையில் எழுதி மாட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி வாசலிலேயே தொங்கவிட்டார். ஒரு குளிர்காலம் போயிற்று. அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. பல் கிடுகிடுத்த ஒரு காலையில், "வந்து கேட்டா கழட்டிக் குடுத்துட்டாப் போச்சு" என்று எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஆள் இன்றுவரை வரவில்லை. இப்போதும் வெளியே மோட்டார் பைக் சத்தம் கேட்டால் இவர் கழுத்தை நீட்டி ஒரு முறை எட்டிப் பார்ப்பார்.

அந்த ஜிப்பை இழுத்து இழுத்து விட்டதால் ரயில் நிலையத்தில் அவருக்கு 'ஜிப்பு' என்றே பெயர். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஜிப்பு மாமா.

என்னைப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அதே ஜாக்கெட்தான். என் அண்ணன் சமையலறைக்கு ஓடிவந்து, "பொண்ணு கேக்க வந்திருக்காரா, பொண்ணைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காரா?" என்றான். நான் கதவிடுக்கில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன், ஒரு கறுப்பு டை, ஜாக்கெட்டின் ஜிப் சரியாகப் பாதி வரை ஏற்றியிருந்தது. எனக்கு என்னவோ அந்தப் பாதி ஜிப் பிடித்துப்போயிற்று. இதை நான் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்த ஜிப்புக்குக் கணக்கு உண்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துக்க வீடு என்றால் ஜிப் கழுத்து வரை. கல்யாணம், பெயர் சூட்டும் விழா, யாராவது வீடு கட்டிக் குடிபோவது என்றால் பாதி. அரசாங்க அலுவலகம் என்றால் முழுக்கத் திறந்து விட்டுவிடுவார். "மறைக்க ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?" என்பார். ஒரு முறை சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போனபோது எந்த ஜிப் என்று தெரியாமல் வாசலிலேயே ஏற்றி இறக்கிக்கொண்டு நின்றார். உள்ளே இவர் பெயரைக் கூப்பிட்டு அலுத்துவிட்டார்கள்.

இப்படி எல்லா விசேஷத்துக்கும் ஒரே ஜாக்கெட்டோடு ஓட்டிவிட்ட மனுஷனுக்கும் எங்கள் பையனுக்கும் அந்த ஜாக்கெட்டாலேயே பேச்சு நின்றுபோனது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு லாண்டரியில் வேலை பார்க்கிறேன். துணி வாங்குவது, கறை பார்ப்பது, கறை எடுப்பது என் பொறுப்பு. நாள் முழுக்க ஊரார் சட்டையோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் சட்டையா? அதனால் வந்த முதல் மாதமே சட்டம் போட்டுவிட்டேன்: அவரவர் சட்டையை அவரவரே இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, தனக்கென்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். காலர், மார்பு, மணிக்கட்டில் வெளியே தெரிகிற கொஞ்சம், அவ்வளவுதான் இஸ்திரி. மிச்சமெல்லாம் ஜாக்கெட்டுக்குள்ளே. "யாரு பார்க்கப் போறா?" என்பார். முன்பக்கம் மாப்பிள்ளை, பின்பக்கம் குப்பைக்கூடை. போதாக்குறைக்கு ஷூ ஒட்டுகிற பசை கைப்பக்கமெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும்.

பையன் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து மேலே வந்தான். அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தபோது குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தார்கள். ஃபார்மல் உடையில் வரவும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. இவர் வெள்ளைச் சட்டை, டை, பாதி ஜிப்போடு கிளம்பினார். மண்டபத்து வாசலுக்கு ஓடிவந்த பையன் ஜாக்கெட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, இதை மட்டும் இங்க கழட்டி வெச்சிட்டு வந்துடுங்களேன்."

"குளிருதுடா."

"உள்ள ஹீட்டர் போட்டிருக்காங்கப்பா."

"எனக்கு ஹீட்டருக்குள்ளயும் குளிரும்."

நான் கண்ணைக் காட்டினேன், கையைப் பிடித்தேன், காலைக்கூட மிதித்தேன். பையனுக்குப் புரியவில்லை. போதாக்குறைக்கு மேலதிகாரியும் தன் மனைவியோடு பின்னால் வந்து நின்றுவிட்டார். அவசரத்தில் இவனே அப்பாவின் தோளைப் பிடித்து ஜாக்கெட்டை உருவிவிட்டான்.

அப்புறம் என்ன, மானம் கப்பலேறிவிட்டது. கசக்கிப் போட்ட காகிதத்தைப் பிரித்த மாதிரி முதுகு, பசை காய்ந்த கைகள். அந்த அம்மாள் நல்லவள், சட்டென்று கூரை விளக்கைப் பார்க்க ஆரம்பித்தாள். இவர் விருந்து முழுக்கச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பாவமாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் வெடித்தது.

"செருப்புக் கடைக்காரன் புள்ளைன்னு சொல்லிக்க உனக்கு வெக்கமாடா?"

"அதை நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சட்டையை முழுசா இஸ்திரி போட உங்களுக்கு என்ன வெக்கம்?"

"வேணும்னேதானே உருவின?"

"வேணும்னேதானே அப்படிப் போட்டுட்டு வந்தீங்க?"

இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் நான்தான் மத்தளம். அந்த மாதமே பையன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னைப் பார்க்க வருவான், ஆனால் அப்பா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். இவர், "உன் பையன் போன் பண்ணினானா?" என்பார். அவன், "உன் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிடறாரா?" என்பான். என்னவோ இரண்டு பேரையும் நான் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்த மாதிரி! இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் சின்னவள், ஒரு பெரிய துணிக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்கு உடை மாட்டுகிற வேலை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு உள்ளே வர வேண்டும், அதுதான் அவள் உத்தியோகம். மாப்பிள்ளை பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிறவர். அவர்கள் வீட்டில் எல்லாரும் நல்ல மாதிரி, சம்பந்திக்குச் சிரித்த முகம். அவர்களால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்யாணத்தில் அப்பனும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அங்கேயும் பேசாவிட்டால் அப்புறம் எந்த ஜென்மத்தில் பேசுவார்கள்? ராத்திரி படுத்தால் இந்த நினைப்புதான்.

பையன் தங்கைக்குச் சொல்லி அனுப்பினான்: "அப்பாவுக்கு நல்லதா ஒரு கோட்டு சூட்டு எடு. நான் வாங்கித் தரேன். நான்னு சொல்லாத." இவள் அப்படியே போய்ச் சொன்னாள், 'நான்னு சொல்லாத' என்பதையும் சேர்த்து. இவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"கோட்டுல எனக்கு மூச்சு முட்டும். என் ஜாக்கெட் வரலன்னா நானும் வரல."

"எங்க வரல? என் கல்யாணத்துக்கா?" என்றாள் மகள்.

இவர் வாயை மூடிக்கொண்டார். அவளுக்கு மட்டும்தான் அந்த வீட்டில் அவர் வாயை மூடத் தெரியும்.

"ஜாக்கெட்லயே வாங்கப்பா. லெதர் ஜாக்கெட் ஃபார்மல் இல்லன்னு யாரு சொன்னது? கூடப் போடறதெல்லாம் ஒழுங்கா இருந்தா அதுவும் ஃபார்மல்தான். ஆனா நான் சொல்றபடிதான் போடணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கூடத்து நடுவில் அவரை நிற்க வைத்தாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினாள். அது தொங்கினால் பைக்கிலிருந்து இப்போதுதான் இறங்கின மாதிரி இருக்குமாம். அடுத்து பாக்கெட்டைக் கவிழ்த்தாள். சாவிக் கொத்து, இரண்டு ஹீல் ஆணி, ஒரு மெழுகு நூல் உருண்டை, பாதி பிஸ்கட் எல்லாம் விழுந்தன. "பாக்கெட் புடைச்சா எந்த ஜாக்கெட்டும் அழகா நிக்காது. அன்னிக்கு ஒரு கைக்குட்டை மட்டும்தான்," என்றாள். வெள்ளைச் சட்டை கொஞ்சம் கனத்த துணியில் இருக்க வேண்டும், காலர் விறைப்பாக நிற்க வேண்டும். டை ஒல்லியாக, கறுப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாமல். பேண்ட் கரிச் சாம்பல் நிறத்தில், கத்தி மாதிரி மடிப்போடு, ஷூவைத் தொட்டும் தொடாமல் விழ வேண்டும். ஜீன்ஸ் என்று பேச்சே எடுக்கக் கூடாது. தோலே ஒரு பளபளப்பு, அதனால் பளபளக்கிற வேறு எதுவும் மேலே கூடாது.

"வாட்ச்?" என்றார் பாவமாக.

"தோல் வார் போட்டதுன்னா சரி. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, பொம்மைகூட உங்களைவிட ஒழுங்கா நிக்கும்."

சும்மா சொல்லக் கூடாது, ஆள் அசத்தலாக இருந்தார். அதே ஜாக்கெட்தான், அதே ஆள்தான், ஆனால் தூதரகத்திலிருந்து வந்த மாதிரி ஒரு தோரணை. நான், "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

ஒரே குறை. முழங்கைப் பக்கமும் தையல் ஓரங்களும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. மகள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டும் ஷூவும் ஒரே கறுப்பா இருக்கணும்பா. கூடப்பொறந்த மாதிரி," என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அவ்வளவுதானே? என்கிட்ட விட்டுடு," என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

அடுத்த நாள் ஜாக்கெட்டைக் கடைக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் என்றால் என்ன செய்திருப்பார்கள்? ஜாக்கெட்டுக்கென்று விற்கிற களிம்பைக் கொஞ்சம் தடவியிருப்பார்கள், அல்லது அப்படியே விட்டிருப்பார்கள். இவர் பிறவி ஷூக்காரர் ஆயிற்றே! கடையில் இருப்பதிலேயே கெட்டியான கறுப்பு மெழுகு பாலிஷ் டப்பாவைத் திறந்து, ஷூவுக்கு ஒரு பூச்சு, ஜாக்கெட்டுக்கு ஒரு பூச்சு, ஷூவுக்கு ஒரு பிரஷ், ஜாக்கெட்டுக்கு ஒரு பிரஷ் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வளர்த்திருக்கிறார். கல்யாணத்தன்று காலையில் உறைபோட்டு எடுத்துக்கொண்டு வந்தார். திறந்தால் ஜாக்கெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"என்னங்க, ஒரு மாதிரி வாசனை வருதே?" என்றேன்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சுல்ல, அந்த வாசனை."

நான் அதை இன்னும் கொஞ்சம் மோந்து பார்த்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் இன்னொன்றைப் பார்த்துவிட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்துச் சட்டையை விரித்தார். காலர் போட்டார், மார்பு போட்டார். நிறுத்தவில்லை. திருப்பிப் போட்டு முதுகைத் தேய்த்தார். இரண்டு கைகளையும் தேய்த்தார். பேண்டுக்குள் போகிற கீழ்ப்பாகத்தைக்கூடத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரு சட்டையின் முதுகைத் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பை அணைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வெளியே குளிர், உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது. பையன் கரு நீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வந்து அந்தக் கோடியில் நின்றான். இவர் பாதி ஜிப்போடு இந்தக் கோடியில். பதிவாளர் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோவுக்கு நின்றபோதும் ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம். போட்டோக்காரர் "இன்னும் கிட்ட வாங்க, இன்னும் கிட்ட வாங்க" என்று கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார். நடுவில் நின்ற நான் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். சந்தோஷம் வந்தால் கை நீண்டுவிடும், எதிரில் வருகிறவரைக் கட்டிப்பிடித்துவிடுவார். அன்றைக்கோ மகள் கல்யாணம், கேட்கவா வேண்டும்! முதலில் மகளை அணைத்துக்கொண்டு கண் கலங்கினார். அவள் அரக்கு நிறத்தில் உடுத்தியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது மாப்பிள்ளை, அவர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். அதற்கடுத்தது சம்பந்தி, சந்தன நிறக் கோட்டு. அப்புறம் என் அண்ணன், மாப்பிள்ளையின் சித்தப்பா, ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டர்க்காரர் என்று வரிசையாக.

முதலில் பார்த்தது சம்பந்தியம்மாதான். "என்னங்க, முதுகுல என்ன அது?" என்றாள் தன் வீட்டுக்காரரிடம். நான் திரும்பிப் பார்த்தேன். சந்தன நிறக் கோட்டின் முதுகில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள். மாப்பிள்ளை முதுகிலும் இரண்டு. என் அண்ணன் மார்பில் நெடுக ஒரு ஜிப், பல் பல்லாக. இவர் தாடையிலும் காலர் உராய்ந்து ஒரு கறுப்புக் கோடு.

எனக்கு அந்த வாசனை இப்போதுதான் உறைத்தது. ஷூ பாலிஷ்! குளிரில் இறுகிக் கிடந்த மெழுகு ஹீட்டர் சூட்டில் இளகிவிட்டது. ஐயோ பாவி மனுஷா! பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எந்த டப்பாவைப் பூசினீங்க?"

"ஷூவுக்குப் போடறதுதான். ஏன், நல்லாத்தானே இருக்கு? ஷூவுல போட்டு ஒருத்தர்கூட இதுவரை கறை ஆச்சுன்னு வந்ததில்லையே."

"ஷூவை யாருங்க கட்டிப்பிடிக்கிறாங்க!"

அவர் சுற்றிலும் பார்த்தார். முதுகு முதுகாகப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. அவர் கண் முதலில் போனது சம்பந்தியிடம் இல்லை, அந்தக் கோடியில் நின்ற பையனிடம். மறுபடியும் அவன் முன்னால் மானம் போயிற்றே என்று நினைத்திருப்பார். கோட்டு மாட்டுகிற அறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

நான் பின்னாலேயே போயிருப்பேன். சம்பந்தி விடவில்லை. பெரிதாகச் சிரித்துவிட்டு, "சம்பந்தி எல்லாருக்கும் முத்திரை குத்திட்டாருப்பா! முத்திரை இல்லாதவங்களுக்குச் சாப்பாடு கிடையாது!" என்றார். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஒருவரை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா மேல் மட்டும் கறை இல்லை; அவள், "என்னை மட்டும் அவர் கண்டுக்கவே இல்லையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்மை கரைந்து அவளும் கறுப்பாகிவிட்டாள். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகத் துடைக்கப்போய், கறையை இன்னும் பரப்பிவிடுவோமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். கறை எடுக்கிறவளுக்கே அன்று கை ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் இவர் திரும்பி வந்தார். ஜாக்கெட்டோடுதான் வந்தார். முகத்தில் பழைய பிரகாசம். நேரே அந்தப் பெரியம்மாவிடம் போய், "நீங்க கோவிச்சுக்கிட்டதா கேள்விப்பட்டேன்" என்று கையை நீட்டினார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். என் பையன் மட்டும் எல்லா பட்டனையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடுகிறது.

"ஏன்டா, உடம்பு சரியில்லையா? கழட்டேன்."

"வேண்டாம்மா, குளிருது."

இதே பதிலை நான் முன்னாலேயே எங்கோ கேட்டிருக்கிறேனே! விடுவேனா? கோட்டின் முன்பக்கத்தைப் பிடித்து விலக்கினேன். வெள்ளைச் சட்டையின் மார்பில் மேலிருந்து பாதி வரை ஒரு ஜிப், பல் பல்லாக. கையை உள்ளே விட்டு முதுகைத் தடவினேன். விரலெல்லாம் கறுப்பு.

"என்னடா இது?"

"சுவத்துல சாஞ்சேன்மா."

"எந்தச் சுவத்துலடா ஜிப் இருக்கு?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். காது மட்டும் சிவந்துவிட்டது. இந்தப் பக்கம் வந்து இவரைக் கேட்டேன்.

"பையனைக் கட்டிப்பிடிச்சீங்களா?"

"யாரை? நானா? அவன் எங்க இருக்கான்னே தெரியாது."

கல்லுளிமங்கன்கள்! எனக்கு மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது. நேரே கோட்டு மாட்டுகிற அறைக்குப் போனேன். அங்கே டோக்கன் கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். கேட்டதுமே சிரித்துவிட்டாள்.

"பெரியவர் வந்து ஜாக்கெட்டைக் கழட்டி வாங்கிக்கோம்மான்னாரு. ஒரு கையைக் கழட்டிட்டாரு. பின்னாலயே அந்தத் தம்பி வந்து நின்னுச்சு. அவரு சட்டையோட முதுகையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம், 'முழுசா இஸ்திரி போட்டிருக்கீங்க'ன்னுச்சு. அவரு, 'உள்ள போற வாலைக்கூட விடலடா'ன்னாரு. எனக்கு என்ன விஷயம்னே புரியல. ஆனா ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி."

"அப்புறம்?"

"தம்பி, 'கழட்டாதீங்கப்பா'ன்னு சொல்லி ஜாக்கெட்டை மறுபடியும் மாட்டிவிட்டுச்சு. ஜிப்பைக்கூட அதுவே பாதி வரைக்கும் ஏத்திச்சு. அப்புறம் தன் கோட்டைக் கழட்டி, 'கொஞ்சம் பிடிங்க'ன்னு என் கையில குடுத்துட்டு, அப்பாவைக் கட்டிப்பிடிச்சிக்கிச்சு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. கோட்டில் கறை படாமல் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்திருக்கிறான் பாருங்கள்! அங்கேயே மாட்டியிருந்த யாருடைய கோட்டிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா டோக்கன் பெட்டியை மூடிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கறை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரமே சம்பந்தி கோட்டு, மாப்பிள்ளை கோட்டு, அண்ணன் சட்டை எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டன. அடியில் பழந்துணி வைத்து, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் ஒற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஊறவைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மெழுகுக் கறை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் சுத்தமானது என் பையன் சட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். அப்பா வீட்டில் இருக்கிற நாள் என்று தெரிந்தும் வந்தான். "சட்டை ஆச்சாம்மா?" என்றான்.

"இன்னும் போகலடா. மெழுகு ஆச்சே, லேசுல விடுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை வா."

அடுத்த வாரமும் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. வந்ததுதான் வந்தாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்பேன். சாப்பிடும்போது அப்பனும் பிள்ளையும் வாக்குவாதம் செய்வார்கள். "உன் நடை சாயுது, வலது ஹீல் தேஞ்சிருக்கு, கழட்டு." "நல்லாத்தான் இருக்குப்பா." "நீ கண்டியா, நான் கண்டேனா?" கத்தல் தெருமுனை வரை கேட்கும். எனக்கோ காதில் தேன் பாய்கிற மாதிரி இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கை துடைக்கத் துண்டு எடுக்கிறேன் என்று அவனே எழுந்துபோய் அலமாரியைத் திறந்துவிட்டான். ஐயய்யோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டை கண்ணுக்கு நேரே மாட்டியிருந்தது, பளிச்சென்று, ஒரு பொட்டு கறை இல்லாமல். ஆனால் நான் அதை மடித்து அடியிலல்லவா வைத்திருந்தேன்? யார் எடுத்து மாட்டியது? எட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்டிருந்தது. காலர், மார்பு, முதுகு, கை, கீழே வால் வரைக்கும். இந்த வீட்டில் நான் யார் சட்டைக்கும் இஸ்திரி போடுவதில்லை.

பையன் கொஞ்ச நேரம் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். காலரை ஒரு விரலால் தொட்டான். துண்டை எடுத்துக்கொண்டு அலமாரியைச் சத்தமில்லாமல் சாத்தினான். கூடத்துக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, அந்தக் கறை போச்சா?" என்றான்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவர்தான் பதில் சொன்னார்.

"எங்கடா போச்சு, அப்படியேதான் இருக்கு. அடுத்த வாரம் வா."

"சரிப்பா, வரேன்."